ஷெட்டில் எதுவும் ஒட்டாமல்

உட்காருங்கள் அண்ணா. கட்டிலிலேயே உட்காரலாம், விரிப்பு காலையில்தான் மாற்றினேன். எட்வின் அண்ணா என்று கூப்பிடலாம் இல்லையா? "எட்வின் அத்தான் வந்து வாங்கிப்பாங்க" என்று மெர்லின் செய்தி போட்டிருந்தார். அவருக்கு நீங்கள் அக்கா வீட்டுக்காரர், அதனால் அத்தான். அந்தச் செய்தியை நாலைந்து முறை படித்ததில் நீங்கள் கதவைத் தட்டியதும் எனக்கும் வாயில் அத்தான்தான் வந்தது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன்.

பிஸ்கட் அதோ, மேசை மேல் அந்தக் கண்ணாடித் தொட்டியில். பயப்பட வேண்டாம், பல்லிதான், ஆனால் சுவரில் ஏறாது. நம் வீட்டுப் பல்லிக்குக் காலில் பிடிப்பு இருக்கும், இதற்குக் கிடையாது. தரையில் நடக்க மட்டும்தான் தெரியும். கண்ணைப் பாருங்கள், இமை இருக்கிறது. வீட்டுப் பல்லிக்கு இமையே இல்லை, கண்ணை நாக்கால் நக்கிக்கொள்ளும். இது மூடித் திறக்கும். வந்த புதிதில் என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. நானும் பதிலுக்குச் சிமிட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லை, அதனால் பரவாயில்லை.

கொடுத்துவிடுகிறேன் அண்ணா. கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. மகள் காத்துக்கொண்டிருப்பாள், தெரியும். ஜோவிட்டாதானே பெயர்? மெர்லின் சொன்னார். ஆனால் உங்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் காட்டவேண்டும், ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டையும் செய்யாமல் கொடுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் காட்டவேண்டியது. கொஞ்சம் கிட்டே வாருங்கள். பின்னங்கால், இடது பக்கம். ஒரு விரலுக்கு நுனி இல்லை, தெரிகிறதா? மெர்லின் என்னிடம் கொடுத்தபோது இருந்தது. என்னிடம் வந்த பிறகுதான் போனது. குறையுள்ளது வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் தாராளமாகச் சொல்லலாம். நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அது இங்கேயே இருக்கட்டும், ஒன்றும் பிரச்சினை இல்லை.

பரவாயில்லையா? குழந்தை கவனிக்கமாட்டாளா? சரிங்க.

கொடுக்க மனசில்லையா என்றா? இல்லைங்க, அப்படியில்லை. சும்மா கேட்டேன்.

அடுத்து சொல்லவேண்டியது. அது கொஞ்சம் நீளம். டீ போடட்டுமா? பால் இருக்கிறது. வேண்டாமா? தண்ணீராவது குடியுங்கள்.

நானும் மெர்லினும் ஒரே டீம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. அவருடைய இருக்கை எனக்குப் பக்கத்து இருக்கை. பக்கத்து இருக்கை என்றதும் நாங்கள் நிறையப் பேசுவோம் என்று நினைக்க வேண்டாம். அவர் பேசுவார், எல்லாரோடும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கனடாவுக்கு மாற்றல் கிடைத்ததும் இந்தப் பல்லியை யாரிடம் விடுவது என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். ஒருத்தன், "பல்லி மேல விழுந்தா குளிக்கணும் மெர்லின், எனக்கு ஏற்கெனவே தண்ணி லாரி பிரச்சினை" என்றான். இன்னொருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "திரு, நீ?" என்றார்.

என் முழுப்பெயர் திருமூர்த்தி. வீட்டில் மூர்த்தி. திரு என்று இந்த உலகத்தில் கூப்பிடுவது மெர்லின் மட்டும்தான். தாசில்தார் ஆபீசில் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் பிடிக்கும். தலையாட்டிவிட்டேன்.

தொட்டியைக் கொடுத்தது ஆபீஸ் பார்க்கிங்கில். ஏர்போர்ட் போகும் கார் ஸ்டார்ட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. "சின்ன டிரிப்தான் திரு, கொஞ்ச நாள்" என்றார். ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டே விவரமெல்லாம் சொன்னார். இது பாலைவனத்துப் பிராணி. வாரத்தில் சில நாள் புழு போட்டால் போதும். புழு மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். "ஷெட் மட்டும் கவனமா பாத்துக்கோ. ஷெட்ல எதுவும் ஒட்டாம பாத்துக்கோ. ஒட்டியிருந்தா மெதுவா எடுத்துடு." எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அப்படியே வரிசையாகச் சொல்வேன்.

அண்ணா, உங்களுக்கு ஷெட் என்றால் என்ன தோன்றும்?

பஸ் நிற்கிற ஷெட்டா? ஆமாம், சென்னையில் அப்படித்தான் இருக்கும். எங்கள் ஊர் சோமனூர் பக்கம். அங்கே ஷெட் என்றால் தறி ஷெட் ஒன்றுதான். விசைத்தறி ஓடுகிற கொட்டகை. அப்பாவும் அம்மாவும் இன்னும் ஷெட்டுக்குத்தான் போகிறார்கள். யாராவது வந்து அப்பா எங்கே என்று கேட்டால், ஷெட்டில் இருக்கிறார் என்போம். ஷெட்டில் ஒட்டுவது பஞ்சு. நூலிலிருந்து பறக்கிற பஞ்சு சுவரில், விட்டத்தில், மெஷினில், அம்மாவின் புருவத்தில்கூட ஒட்டும். எடுக்காமல் விட்டால் நூல் அறுந்துபோகும், தறி நிற்கும், ஓனர் கத்துவார். அதனால் 'ஷெட்டில் எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்' என்று ஒருவர் சொன்னால் எனக்கு அதில் சந்தேகம் வர வழியே இல்லை. தொட்டிக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொட்டகை இருக்கிறது பாருங்கள், அது படுத்துக்கொள்ளும் இடம். அதுதான் ஷெட் என்று எடுத்துக்கொண்டேன்.

சிரிக்கலாம் அண்ணா. எல்லாரும் சிரித்தார்கள்.

அறைக்குக் கொண்டுவந்து அந்தக் கொட்டகையைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பிடி ஈரப் பாசி ஒட்டியிருந்தது. தேங்காய் நார் மாதிரி, தொட்டால் சில்லென்று. பாலைவனத்துப் பிராணிக்கு ஈரம் எதற்கு? பாவம், ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் மெர்லின் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். மெதுவாக எடுத்துப் போட்டேன். மெதுவாக எடு என்றுதானே சொன்னார்? அதோடு விடவில்லை. தினமும் ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் கொட்டகையை எடுத்து, கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, காய்ந்த துணியால் துடைத்து உள்ளே வைப்பேன். ஒரு தூசி இருக்காது. எங்கள் ஷெட் ஓனர் பார்த்திருந்தால் எனக்கு வேலை கொடுத்திருப்பார். அறையிலும் ஈரம் தங்கக்கூடாது என்று ஏசியை நிறுத்தவே மாட்டேன்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஷெட் என்றால் என்ன என்று. கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன், உண்மையைச் சொல்கிறேனே. எங்கள் வீட்டில் டிகிரி படித்தது நான்தான் முதல். கல்லூரி முதல் வருஷம் வகுப்பில் இங்கிலீஷில் ஏதாவது ஜோக் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் ஹாஸ்டலுக்கு வந்து அர்த்தம் தேடி, புரிந்ததும் தனியாக ஒரு தடவை சிரிப்பேன். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. நான் தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தம் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்றுதான் அர்த்தம்.

மெர்லினுக்குத் தினமும் ஒரு போட்டோ அனுப்புவேன். பிஸ்கட் தூங்குவது, பிஸ்கட் புழுவை முறைப்பது, சுத்தமான ஷெட். முதலில் இதயம் போடுவார். அப்புறம் கட்டைவிரல். அப்புறம் பார்த்துவிட்டார் என்பதற்கு அந்த இரண்டு நீல டிக் மட்டும். புது ஊர், புது வேலை, குளிர் வேறு. கையுறை போட்டுக்கொண்டு டைப் செய்வது கஷ்டம் என்று எங்கேயோ படித்தேன்.

ஊருக்கு ஃபோன் செய்தால் அம்மாவுக்கும் இதே பேச்சுதான். "ஏஞ்சாமி, பல்லியவெல்லாம் ஆசப்பட்டு வளக்கறாங்களாக்கும்?"

"பட்டணத்துல வளக்கறாங்கம்மா."

"அது பேரென்ன சொன்ன? ரொட்டியா?"

"பிஸ்கட்டும்மா."

"என்னமோ ஒண்ணு. மேல கீல உழுந்துச்சுன்னா எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துச் சொல்லு. பலன் பாத்துருவோம். ஏஞ்சாமி, அது எதாச்சும் சொல்லுதா?"

சொல்லுதா என்றால், நம் பல்லி சொல்லும் இல்லையா, சுவரில் இருந்துகொண்டு, நாம் ஒன்று பேசும்போது டிக் டிக் என்று. சொன்னால் பேசியது பலிக்கும் என்று அம்மா தரையில் விரலால் தட்டுவார். இது ஒன்றும் சொல்லாது. "வந்ததுலருந்து ஒரு வார்த்த சொல்லலம்மா" என்றேன்.

"உன்னாட்டவேதான் போ" என்றார். "நீயும் ஃபோன்ல நாங் கேட்டாத்தானே பேசற."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் பிஸ்கட் வெளுத்தது. மஞ்சளெல்லாம் மங்கி, மேலே மாவு தூவின மாதிரி ஆகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. சாப்பிடவும் இல்லை. அடுத்த நாள் ஆபீசிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் முதுகில் பளபளவென்று மஞ்சள். ஆனால் காலில் விரலுக்கு விரல் வெள்ளையாக ஏதோ இறுக்கிச் சுற்றியிருந்தது. எனக்கு அது நூல் மாதிரி இருந்தது. தறியில் வேலை செய்கிறவர்களுக்கு விரலில் நூல் சுற்றிக்கொள்ளும், சில சமயம் வெட்டிவிடும். இங்கே நூல் எப்படி வந்தது, என் லுங்கியிலிருந்து வந்ததோ என்று நினைத்துக்கொண்டே பிடித்து இழுத்தேன்.

அது வாயைத் திறந்தது அண்ணா. கடிக்கவில்லை. சும்மா திறந்தது. உள்ளே ரோஜா நிறம். அதிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, கதவுக் கீல் மாதிரி. அவ்வளவு நாளில் அது போட்ட முதல் சத்தம் அதுதான். நான் கையை எடுத்துவிட்டேன்.

மெர்லினுக்குப் போட்டோ அனுப்பி, விரலில் ஏதோ வெள்ளை நூல் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் உடனே வந்த பதில். "ஷெட் ஒட்டியிருக்கு திரு. ஷெட் பாத்துக்கோன்னு சொன்னேனே." நான் கொட்டகையை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: "இல்லைங்க, ஷெட் சுத்தமாகத்தான் இருக்கு. தினமும் காயவைக்கிறேன்."

வரிசையாகச் சிரிக்கிற பொம்மை வந்தது. அப்புறம், "லூசு. ஷெட்டுன்னா தோல். தோல் உரிக்கிறது." எங்கள் ஊரில் ஷெட் என்றால் தறி, ஒட்டுவது பஞ்சு என்று விளக்கி எழுதினேன்.

லூசு என்று எல்லாரையும் சொல்லமாட்டார்கள். பழகினவர்களைத்தான் சொல்வார்கள். அதனால் எனக்கு வருத்தம் இல்லை. என்ன, ஒரு சின்ன விஷயம், மறுநாள் ஆபீசுக்குப் போனால் லிஃப்டிலேயே ஒருத்தன், "வாங்க ஷெட் ஓனர்" என்றான். இன்னொருத்தன், "தறி ஓடுதா ஓனரே? பஞ்சு தொடச்சாச்சா?" அந்தப் போட்டோவும் நான் எழுதியதும் எல்லார் ஃபோனிலும் இருந்தது. மெர்லின் யாருக்கும் அனுப்பியிருக்கமாட்டார். யாராவது அவர் ஃபோனைப் பார்த்திருப்பார்கள். கனடாவில் இருக்கிற ஃபோனை இங்கே இருக்கிறவன் எப்படிப் பார்த்தான் என்று கேட்கிறீர்கள். இந்தக் காலத்தில் எதுவும் நடக்கும் அண்ணா. எனக்கு அதுவும் ஒரு வகையில் நல்லதாகத்தான் போனது. அதுவரை அங்கே பாதிப்பேருக்கு என் பெயரே தெரியாது.

அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்கு அப்போது விரல்தான் கவலை. நாமெல்லாம் பாம்பு சட்டை உரிக்கிறது என்போம் இல்லையா, அதே சட்டைதான் இது. இதற்கு அடிக்கடி உரியும். ஈரம் இருந்தால் கையுறை மாதிரி சுலபமாகக் கழன்று வந்துவிடும். காய்ந்திருந்தால் விரலிலேயே இறுகி, வளையமாக நின்று, ரத்தத்தை நிறுத்திவிடும். அந்த ஈரத்துக்காகத்தான் பாசி. நான் எடுத்துப் போட்டேனே, அதே பாசி. இதையெல்லாம் நெட்டில் தேடிப் படித்ததும் நேரே மாடிப்படிக்குக் கீழே குப்பைத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு நாள் கழித்து இருக்குமா? இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். ஓர் இடத்தில் நாய், பூனை மட்டும் என்றார்கள். இன்னோர் இடத்தில் ஒரு பெண், "பல்லிக்கு மருந்தா? அது மளிகைக் கடையில கிடைக்குமே சார், மூலையில வெச்சா வராது" என்றார். இல்லைங்க, இது செத்துப்போகாமல் இருப்பதற்கு மருந்து என்றேன். அப்புறம், "நீங்க நெஜமாத்தான் பேசறீங்களா?" என்று கேட்டார். ஊர்வன பார்க்கிற டாக்டர் ஒருவர் தாம்பரம் தாண்டி இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார். அந்த டாக்டர் போட்டோவைப் பார்த்துவிட்டு, இழுக்கக்கூடாது, ஊறவைக்கவேண்டும், ஒரு நுனி ஏற்கெனவே கறுத்துவிட்டது, அது நிற்காது, மற்றதைக் காப்பாற்றலாம் என்று சொன்னார். அவரிடம் நான் தலையாட்டவில்லை. ஃபோனில் தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டேன். ஊறவைப்பது என்றால் எவ்வளவு தண்ணீர்? வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு? அவர் சலித்துக்கொள்ளவில்லை. "குழந்தையக் குளிப்பாட்டற சூடு. உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா? சரி, மணிக்கட்டுல ஊத்திப் பாருங்க, சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது" என்றார்.

இதோ இந்த டப்பாதான். மூடியில் ஓட்டை போட்டது நான். இதையும் கொண்டுபோங்கள். அடியில் ஈரத் துணி விரித்து, அதன் கணுக்கால் நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். உள்ளே விட்டு, மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகக்கூடாது. அப்புறம் எடுத்து உள்ளங்கையில் வைத்து, காது குடைகிற பஞ்சுக் குச்சியை நனைத்து, விரலின் மேலே இருந்து நுனியைப் பார்த்து உருட்டவேண்டும். தேய்க்கக்கூடாது, உருட்டவேண்டும். வரவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். மறுபடி ஊறவைத்து, மறுபடி உருட்ட வேண்டும். அம்மா தேங்காய் எண்ணெய் போடச் சொன்னார். போடவில்லை.

ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. அது என் கையில் இருக்கும். வயிறு உள்ளங்கையில் படும். மூச்சு விடுவது தெரியும். குளிர்ந்த பிராணி என்பார்கள், என் கைச்சூட்டுக்கு அதுவும் சூடாகிவிடும். நான் ஆபீசில் நடந்தது எல்லாம் சொல்வேன். யாருடைய பில்லில் என்ன தப்பு, கேன்டீனில் யார் என் எதிரில் உட்கார்ந்தார்கள், யார் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அது கண்ணைச் சிமிட்டும். அதற்குக் காது இருக்கிறது அண்ணா, பாருங்கள், பக்கவாட்டில் ஓட்டை. ஏசியை நிறுத்திவிட்டேன். இந்த அறை எப்படி வேகும் என்று இப்போதே தெரிந்திருக்கும். மன்னிக்க வேண்டும், அதற்காகத்தான் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

ஒரு விரல் நுனி போனது. கறுத்து, காய்ந்து, ஒருநாள் துணியில் கிடந்தது. அரிசியில் இருக்கிற கறுப்புக் குருணை மாதிரி. மற்ற விரல்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. அடுத்த தடவை சட்டை உரித்தபோது வால் நுனியில் மட்டும் கொஞ்சம் நின்றது, ஊறவைத்து எடுத்துவிட்டேன். அதற்கு அடுத்த தடவை, அதுதான் போன வாரம். வெளுத்ததைப் பார்த்ததும் டீம் லீடரிடம் லீவு கேட்டேன். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பல்லி சட்டை உரிக்கப்போகிறது சார் என்று சொன்னேன். "ஷெட் ஓனருக்கு லீவு இல்லேன்னு சொல்ல முடியுமா" என்று கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு முழுக்க இங்கேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர், குச்சி, துணி எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு. அது கொட்டகைக்குள் புதுப் பாசியில் புரண்டது, கல்லில் மூக்கைத் தேய்த்தது. மூக்கில் விரிசல் விட்டது. அப்புறம் நாம் பனியனைத் தலைவழியாகக் கழற்றுவோமே, அதே மாதிரி. வாயால் பிடித்துப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு விரலாக உருவி, வால் நுனி வரைக்கும். ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. நான் விரலால் தொடவேயில்லை. கடைசியில் உரித்த சட்டையை அதுவே சாப்பிட்டுவிட்டது. அப்படித்தான் சாப்பிடுமாம். அம்மாவிடம் சொன்னேன். "அதோட சட்டைய அதே தின்னுருச்சா? மிச்சம் வெக்காத பொழப்பு, நல்ல பொழப்பு" என்றார்.

நான் வைத்திருந்த தண்ணீர் ஆறிப்போயிருந்தது. கொட்டிவிட்டேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது அண்ணா. சந்தோஷம்தான். யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. வீடியோ முழுவதையும் மெர்லினுக்கு அனுப்பினேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தச் செய்தி வந்தது, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள் என்று. அக்கா மகள் ஆசைப்படுகிறாள், பிஸ்கட்டைக் கொடுத்துவிடு, தேங்க்ஸ் திரு என்று. அவர் திரும்பி வரும்வரை குடும்பத்தில் ஒருவரிடம் இருப்பதுதான் நல்லது. அதுதான் முறை. வந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார்.

என்ன சொன்னீர்கள்?

பூனையா? மெர்லினா? கனடாவிலா?

இல்லை, என்னிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பார். அங்கேயே வீடும் வாங்கிவிட்டாரா. நல்லதுங்க. பூனை என்றால் வேலை குறைவு, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தக் குளிருக்குப் பூனைதான் சரி. இது தாங்காது.

அப்படியானால் இது இனி ஜோவிட்டாவுடையது. கொஞ்ச நாளைக்கு என்று இல்லை.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இன்றைக்கு எழுந்ததும் தொட்டியைத்தான் பார்த்தேன். வெளுத்திருந்தால் உங்களை வரவேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சட்டை உரிக்கிற நேரத்தில் இடம் மாற்றினால் அதற்கு ஆகாது. அது உண்மை, அந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அணைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நல்ல மஞ்சள். போன வாரம்தான் உரித்தது, அதற்குள் எப்படி வெளுக்கும்? ஆனாலும், "பிஸ்கட் வெளுத்துவிட்டது, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று உங்களுக்கு டைப் செய்தேன். உங்களுக்கு நிறம் தெரியாது, நம்பியிருப்பீர்கள். அப்புறம் அழித்துவிட்டேன். இல்லாத ஒன்றை எப்படி அனுப்புவது? எடுத்துப்போக இதைவிட நல்ல நேரம் கிடையாது அண்ணா. சட்டை சுத்தமாக உரித்துவிட்டது, நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது, ஒரு குறையும் இல்லை, அந்த விரலைத் தவிர.

ஆமாங்க, பாசி காய்ந்தால் தண்ணீர் தெளித்தால் போதும். சொட்டக்கூடாது. மகளிடம் சொல்லும்போது சட்டை என்றே சொல்லுங்கள், ஷெட் என்று சொல்லவேண்டாம். அவளுக்குத் தெரியும்தான், இங்கிலீஷ் பள்ளிக்கூடம். இருந்தாலும் சட்டை என்றால் பார்க்கவேண்டியது எது என்று சந்தேகமே வராது.

என்னைத் தேடுமா என்றா கேட்டீர்கள்? தேடாதுங்க. நான் படித்துப் பார்த்துவிட்டேன். பழகும், ஆனால் ஆளைத் தேடாது என்றுதான் போட்டிருக்கிறார்கள். கை வாசனை தெரியும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஜோவிட்டா கை வாசனை வந்துவிடும். அப்படி இருப்பது அதற்கு நல்லதுதானே.

தொட்டியை நான் தூக்குகிறேன், இருங்கள். எதில் வந்தீர்கள்? ரயிலா? பெருங்குடியில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, சென்ட்ரல் பக்கம் நடந்து, மறுபடி உங்கள் பெரம்பூருக்கு வேறு ரயில் ஏறவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியும் குறைவு. தொட்டி ஒரு கையில், புழு டப்பாவும் சாமானும் ஒரு கையில். படியில் ஏறும்போது எதைப் பிடித்துக்கொள்வீர்கள்? கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தக் கல் உருண்டு அதன் மேல் விழும்.

கொடுங்கள், நான் பிடித்துக்கொண்டு வருகிறேன். உங்களுக்காக இல்லைங்க. நானும் பெரம்பூர் பக்கம்தான் போகவேண்டும். முன்னாலேயே சொல்லியிருப்பேன், மறந்துவிட்டேன்.

என்ன வேலையா? ஒருவரைப் பார்க்கவேண்டும் அண்ணா. தெரிந்தவர்தான். வெகுநாளாக வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குத்தான் போக நேரமே கிடைப்பதில்லை.